ஒரு வேளைக்குச் சொன்ன சரி

"ஒருவேளை கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?"

கேட்டவர் யார், எதைக் கொடுப்பதாகக் கேட்டார் என்பதெல்லாம் சின்னக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது. கேள்வி வந்த நேரத்தில் அவள் கொட்டகைக்குள் சோற்று அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் அண்டாவில். கைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில் மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது.

பேச்சு ஆரம்பித்ததே கோணலாகத்தான். "தலைவர் மாளிகையிலிருந்து பேசுகிறேன்" என்றது ஒரு பவ்வியமான குரல். மருத்துவமனைத் தெரு முனையில் வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் தெருவுக்கு அது தலைவர் மளிகை. கஞ்சி வடிகிற புஸ்ஸென்ற சத்தத்தில் மாளிகையின் துணைக்கால் ஆவியோடு ஆவியாகப் போய்விட்டது. நாட்டின் தலைவர் இருக்கும் மாளிகைக்கும் பருப்பு நிறுக்கும் மளிகைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு கால்தானே.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள்.

"எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வியாகத்தான் கேட்க முடியும். உங்கள் அக்கா இத்தனை காலம் செய்துவரும் சேவைக்காக, ஒருவேளை கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?"

ஒரு வேளை! சின்னக்கா துள்ளிவிட்டாள். அண்டாவைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டுக் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வேளைங்க?"

"மாலை வேளையில்தான் வழக்கம்."

"மாலை வேளையா! கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கிறோம்!"

"அக்காவை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"அவளை எதுக்குக் கேக்கணும்? அவளும் இதுக்குத்தான் வருஷக்கணக்கா ஏங்கிக்கிட்டிருக்கா."

"இவ்வளவு வெளிப்படையாக இதுவரை யாரும் சொன்னதில்லை."

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஆனா ஒண்ணு. ஆறிப்போன பிறகு கொடுத்துடாதீங்க. அப்படி ஒரு இடத்துல வாங்கிப் பட்டிருக்கோம்."

"ஆறப்போடும் எண்ணமே இல்லை. அடுத்த மாதமே."

"நல்லா இருப்பீங்க!"

"அறிவிப்பு வரும்வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது."

"சொல்வேனா? சொன்னா பக்கத்துத் தெருக்காரங்களும் தட்டைத் தூக்கிட்டு வந்துடுவாங்களே."

அந்தக் குரல் இருமியது. நன்றி சொல்லி வைத்துவிட்டது.

சின்னக்கா துள்ளியதற்குக் காரணம் இருந்தது. அவளும் பெரியக்காவும் உடன்பிறந்தவர்கள். மருத்துவமனையின் பின்வாசலை ஒட்டி, முன்பு கரி கொட்டிவைத்திருந்த கொட்டகையில் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். படுக்கையில் இருப்பவருக்கு மருத்துவமனை சாப்பாடு உண்டு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிக்கோ அப்பனுக்கோ கிடையாது. பெரியக்கா அதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். துணைக்கு வந்தவர்கள் தாழ்வாரத்தில் படுக்கக்கூடாது என்று அப்போதைய நிர்வாகம் தரையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் துரத்திய நாளில், நர்ஸ் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் ஒரு பானைச் சோற்றோடு பின்வாசலில் நின்றாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட அடுப்பு எரியாமல் இருந்ததில்லை.

ஆனால் மதியம் மட்டும்தான். சாயங்காலம் பின்வாசல் பூட்டும்போது கொட்டகையில் நெருப்பு இருக்கக்கூடாது என்பது விதி. யார் போட்ட விதி என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார்கள். போன மழைக்காலத்தில் ஒரு அப்பா மகளுக்கு ரத்தம் கொடுக்க ஓடினார். கையை நீட்டிப் படுத்தவரிடம், "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். "காலையில" என்றார். வெறும் வயிற்றோடு ரத்தம் எடுக்க மாட்டோம் என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் இருட்டுகிற நேரத்தில் பூட்டின கொட்டகைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். சின்னக்கா வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தாள். கையில் சாவி இருந்தது. அடுப்பு ஆறியிருந்தது. அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. மகள் வேறு யாரோ கொடுத்த ரத்தத்தில் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தத் தட்டுகிற சத்தம் சின்னக்காவின் காதைவிட்டுப் போகவில்லை. சாயங்காலமும் ஒரு வேளை போட்டே தீருவது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டாள்.

மளிகைக்காரர் மாலை வேளைக்குச் சமைத்தே அனுப்பிவிட்டால், கொட்டகையில் நெருப்பு எதற்கு? விதியும் பிழைக்கும், வயிறும் பிழைக்கும். அக்காவிடம் சொல்லாமல் வைத்திருந்து அன்றைக்குத் திகைக்க வைக்கலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். தெரு முனையில் மளிகைக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி சிரித்து வைத்தாள். அந்த மனிதர் இரண்டு தடவை தன் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

திகைப்பு வேறு வழியில் வந்தது. சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது பின்வாசல் காவலாளி தலைதெறிக்க ஓடி வந்தார். வாசலை விட்டு அவர் நகர்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பெரியக்கா! டிவியில உங்களைச் சொல்றாங்க! நாட்டு மூத்தவராம்! நீங்கதானாம் இந்த வருஷம்!"

நாட்டு மூத்தவர் என்பதற்கு மேலே அந்த நாட்டில் பட்டம் கிடையாது. வருஷத்துக்கு ஒருவருக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். தகுந்த ஆள் இல்லை என்று சும்மா விட்ட வருஷங்களும் உண்டு. பட்டம் வாங்கியவர் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் ஒரு அறைக்குள் வந்தால் அமைச்சரே எழுந்து நிற்க வேண்டும்.

வரிசையில் நின்றவர்கள் தட்டோடு கை தட்டினார்கள். தட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பெரியக்கா கரண்டியை நிறுத்தவே இல்லை.

"வேற யாராவது இருக்கும். பேர் ஒண்ணா இருக்கும். நகருங்க, அடுத்த ஆள்."

"கரிக்கொட்டகைன்னே சொன்னாங்கக்கா! நெருங்கின உறவுக்காரங்க ஒப்புதல் வாங்கியாச்சுன்னும் சொன்னாங்க."

கரண்டி நின்றது. பெரியக்கா மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். நெருங்கின உறவு என்று அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

"என்னடி செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலை! மளிகைக்காரர் ஒரு வேளை கொடுக்கறேன்னார், சரின்னேன்!"

"எந்த மளிகைக்காரன்டி நாட்டுக்கே பட்டம் கொடுக்கறான்?"

சின்னக்காவுக்கு அப்போதுதான் புஸ்ஸென்ற அந்த ஆவி விலகியது. மாலை வேளை. ஆறப்போட மாட்டோம். அறிவிப்பு வரும்வரை. ஒவ்வொன்றாக வந்து விழ விழ, கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

மறுநாள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்தார். ஒல்லியான மனிதர். கருப்புக் கோட்டு. கரிக்கொட்டகையில் எதிலும் படாமல் நிற்கப் பார்த்து, எல்லாவற்றிலும் பட்டுக்கொண்டார். பெரியக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பட்டம் யாருக்கு? எனக்கா, இவளுக்கா?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப என்னையில்ல கேக்கணும்? இவளை ஏன் கேட்டீங்க?"

அதிகாரி மரபை விளக்கினார். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் மேடை ஏறி, மைக்கில் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். பட்டத்தோடு தோளில் போடும் வெள்ளைப் பட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு தலைவர் தனியாக நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததாம். அன்றிலிருந்து முன்கூட்டியே கேட்டுவிடுவது. உரியவரைக் கேட்டால் அடக்கத்துக்காகவாவது வேண்டாம் என்பார் என்பதால் கூட இருப்பவரைக் கேட்பது. கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டால் அரசாங்கம் கேட்டு ஒருவர் மறுத்ததாக ஆகிவிடும் என்பதால், எப்போதும் ஒருவேளை என்று சேர்த்துக் கேட்பது.

"எங்க அலுவலகத்துல எனக்குப் பேரே ஒருவேளைதாங்க" என்றார் பாவமாக. "என் வீட்டுலயும் அப்படித்தான் கூப்பிடறாங்க. இத்தனை வருஷத்துல என் ஒருவேளை ஒண்ணுகூடப் பொய்க்கலை."

"இது பொய்க்கும்" என்றாள் பெரியக்கா. "இவ சோறுன்னு நினைச்சுச் சரின்னுட்டா. எனக்குப் பட்டமும் வேண்டாம், பட்டையும் வேண்டாம். தாழ்வாரத்துல தண்ணியை அடிச்சு ஆளுங்களைத் துரத்தினது யாரு? உங்க அரசாங்கத்தோட ஆஸ்பத்திரி. அந்தக் கையாலயே எனக்கு மாலை போடுவீங்களா? போய்ட்டு வாங்க, வெங்காயம் கண்ணைக் கரிக்கும்."

அவருக்கு ஏற்கெனவே கரித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். சின்னக்கா பின்னாலேயே வந்தாள்.

"நில்லுங்க ஒருவேளை சார்."

நின்றார்.

"நான் தொலைபேசியில எதுக்குச் சரின்னேன்?"

"நீங்க... சாப்பாட்டுக்கு."

"எந்த வேளைச் சாப்பாட்டுக்கு?"

"மாலை வேளை."

"கொடுக்கறேன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"அம்மா, நான் ஒருவேளை கொடுத்தால்னு..."

"அதையேதான் நானும் சொல்றேன். அந்த ஒரு வேளையைக் கொடுங்க. சமைச்சு அனுப்ப வேண்டாம். அரிசி பருப்பு எதுவும் வேண்டாம். சாயங்காலம் எங்க அடுப்பு எரியறதுக்கு உத்தரவு வாங்கிக் கொடுங்க. அக்காவை மேடை ஏத்தறது என் பொறுப்பு."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "நாட்டோட மிகப் பெரிய பட்டத்தை வெச்சுப் பேரம் பேசறீங்க. இதுக்கெல்லாம் நிபந்தனை போடக்கூடாதும்மா."

"யாரு நிபந்தனை போட்டா? நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, நான் ஒரு பதில் சொன்னேன். என் பதிலை டிவியில போட்டுட்டீங்க. இப்ப அந்தப் பதில் எந்தக் கேள்விக்குன்னு கேக்கறேன். நாளைக்கு அக்கா வரமாட்டேன்னு பத்திரிகைக்காரன்கிட்ட சொன்னா, தலைவர் மறுபடி பட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்கு இது தேவலை இல்லையா?"

அவர் கோட்டில் ஒட்டியிருந்த கரியைத் தட்டினார். தட்டத் தட்ட அது பரவியது. கடைசியில், "பெரிய டாக்டர் அறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் என்பது மருத்துவமனைத் தலைமை. மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் முதலில் முடியாது என்று சொல்லிப் பழகியவர். அதிகாரியும் சின்னக்காவும் போனபோது தாள் பறக்காமல் மேஜையில் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நெருப்பு" என்றார். "ஆக்ஸிஜன் வைக்கற இடம் பக்கத்துல இருக்கு. பகல்ல ஆள் நடமாட்டம் இருக்கும். சாயங்காலம் அங்க யார் பார்ப்பாங்க?"

"நான் பார்க்கறேன்" என்றாள் சின்னக்கா.

"நீங்க யாரு? ஆஸ்பத்திரி ஊழியரா? ஒண்ணு ஆச்சுன்னா உங்க மேல வழக்குப் போட முடியுமா?"

"போடுங்க, வேண்டாம்னா சொல்றேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக் குண்டைப் பார்க்கிற மாதிரி குனிந்து அதை மறைத்தார். மாளிகையிலிருந்து வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாது. தலையைச் சாய்த்து யோசித்தவர், வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார்.

"சரி. பொறுப்புள்ள ஆள் ஒருத்தர் வேணும். நாட்டு மூத்தவரை விடப் பொறுப்புள்ளவங்க யார் இருக்காங்க? அவங்க நேர்ல நிக்கற வரைக்கும் சாயங்காலம் அடுப்பு எரியலாம். அவங்க இல்லாத அன்னிக்கு எரியக்கூடாது. பட்டம் வாங்கற நாள்லேர்ந்து. எழுதிக் கொடுத்துடறேன்."

வெளியே வந்ததும் அதிகாரி பெருமூச்சு விட்டார். "முடியாதுன்னு சொல்றதுக்கு இவ்வளவு அழகான வழியை நான் பார்த்ததில்லை. உங்க அக்கா பட்டமே வேண்டாங்கறாங்க. அதுலயும் தினமும் நிக்கணும்னா?"

"நிப்பா" என்றாள் சின்னக்கா. சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அக்காவோடு வாதாடி அவள் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை. சின்ன வயசில் ஜன்னல் ஓரத்துக்குப் போட்ட சண்டையிலிருந்தே இல்லை.

பெரியக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு துண்டை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்னை வித்துட்டு வந்திருக்கே."

"ஆமா. நல்ல விலைக்கு."

"வெக்கமா இல்லை?"

"இல்லை. நீ தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு வந்தே பாரு, அன்னிக்கு உன்னைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. அதே தொப்பியை இத்தனை வருஷமா மனசுக்குள்ள மாட்டிக்கிட்டுத் திரியறே. அவங்க கையால வாங்க மாட்டேன், அவங்க மேடையில ஏற மாட்டேன். எல்லாம் சரிதான். உன் ரோஷம் உனக்கு. ரத்தம் கொடுக்க வந்தவன் கதவைத் தட்டினா, அவன் தட்டுல உன் ரோஷத்தை எத்தனை கரண்டி போடுவே?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று சின்னக்காவுக்கு உறைத்தது. அக்காவிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. ஓங்கி ஒரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

பெரியக்கா துண்டை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"தினமும் நான் நிக்கணுமா?"

"தினமும்."

"எனக்கு உடம்பு முடியலைன்னா?"

"கட்டிலோட தூக்கிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்துல போடுவேன். நேர்ல நிக்கணும்னுதானே சொன்னாரு, படுக்கக்கூடாதுன்னு சொல்லலையே."

"செத்துட்டா?"

"அதை அப்ப பார்த்துக்கலாம். ஒரு நாள் முன்னாடி சொல்லிடு."

பெரியக்கா சிரிக்கவில்லை. துணி அடுக்கைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். உள்ளே தலையைவிட்டு எதையோ தேடினாள். நெடுநேரம் கழித்து அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னோட நீல உடுப்பை எங்கடி வெச்சே?"

அதுதான் சம்மதம். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வராது என்று சின்னக்காவுக்குத் தெரியும். விழா நாள்வரைக்கும் அக்கா அவளிடம் உப்பு, உருளைக்கிழங்கு, சிலிண்டர் தவிர வேறு எதையும் பேசவில்லை. அதையும் சின்னக்கா பொறுத்துக்கொண்டாள்.

விழா அன்று மதியச் சோறு போடும்போதே வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் சின்னக்கா சொன்னாள்: "சாயங்காலமும் வாங்க. தட்டோட வாங்க." யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். அரிசியைக் களைந்து ஊறப்போட்டாள். கிழங்கை வெட்டித் தண்ணீரில் போட்டு மூடினாள். காவலாளி கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அடுப்பைப் பத்தவைக்கட்டுமாக்கா? நீங்க வர்றதுக்குள்ள உலை கொதிச்சிருக்கும்."

"தொடக்கூடாது. முதல் நாளே பெரிய டாக்டர் கையில நம்மளை அடிக்கக் குச்சி எடுத்துக் கொடுக்கணுமா? அக்கா வந்து நின்ன பிறகுதான்."

"சீக்கிரம் வந்துடுவீங்களா?"

"பட்டையை மாட்டினதும் கிளம்பிடலாம்னு ஒருவேளை சார் சொல்லியிருக்காரு."

"அவரு ஒருவேளைன்னா..." என்று காவலாளி இழுத்தார்.

தலைவர் மாளிகையின் மண்டபத்தில் கூரை அத்தனை உயரத்தில் இருந்தது. சின்னக்காவுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். நாற்காலி மெத்தையில் உட்கார்ந்தால் புதைந்தது, எழுந்தால் முனகியது. மேடையில் பெரியக்கா நீல உடுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கரண்டி இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். சின்னக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் இந்தக் கொட்டகைக்கு ஆரம்பத்திலிருந்தே மருத்துவமனை எவ்வளவு துணையாக இருந்தது என்று ஒரு பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒருவர் வரவேற்றார். வரவேற்றவரை ஒருவர் பாராட்டினார். அமைச்சர் பசி என்ற சொல்லில் ஆரம்பித்து, ஊர் உலகம் எல்லாம் சுற்றி, மறுபடி பசிக்கே வந்து உட்கார்ந்தார். உயரமான ஜன்னல் வழியாக விழுந்த வெயில் சுவரில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஏற ஏறச் சிவந்தது. சின்னக்காவுக்கு உட்கார முடியவில்லை. பின்வாசல் பூட்டுகிற நேரம் இதுதான். அதற்குப் பிறகும் அடுப்பு எரியலாம் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எரிய வைக்க வேண்டியவள் இங்கே பூச்செண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு இல்லையென்றால், முழுசாக நம்பாமலே தட்டோடு வந்து நிற்கிறவர்கள் நாளைக்கு நம்புவார்களா? முதல் நாளே எரியவில்லையே, அப்புறம் எதற்கு உத்தரவு என்று பெரிய டாக்டர் கேட்க மாட்டாரா?

தூண் ஓரத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் 'இதோ' என்று வாயசைத்தார். அந்த 'இதோ'வும் போய் இன்னொரு பேச்சு முடிந்தது.

கடைசியில் தலைவர் எழுந்தார். நல்ல மனிதர், நல்ல குரல். கரிக்கொட்டகையிலிருந்து எழுந்த வெளிச்சம் என்றார். நாட்டின் மனசாட்சி என்றார். பெரியக்கா தலை குனிந்தாள். வெள்ளைப் பட்டை அவள் தோளில் விழுந்தது. நாட்டு மூத்தவர் என்று மூன்று தடவை உரக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுக்க எழுந்து கை தட்டியது. சின்னக்காவும் எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது. எனக்கு மூத்தவள் இப்போது ஊருக்கெல்லாம் மூத்தவள் என்று நினைத்துக்கொண்டாள். உடனேயே ஜன்னலைப் பார்த்தாள். சுவரில் வெயில் இல்லை.

"நாட்டு மூத்தவர் இப்போது ஏற்புரை ஆற்றுவார்" என்றார் அறிவிப்பாளர்.

ஏற்புரை இல்லாமல் அந்த விழா முடிந்ததே கிடையாது. அதை மறுநாள் பள்ளிக்கூடங்களில் வாசிப்பார்கள். ஒருவர் ஓடி வந்து மைக்கைப் பெரியக்காவின் உயரத்துக்குத் தாழ்த்தினார். கேமராக்கள் நெருங்கின. தூண் ஓரத்தில் அதிகாரி கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவளுக்காக எழுதி வைத்த பேச்சை எட்டிக் கொடுக்க வந்தார்.

பெரியக்கா மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். தாளை வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயர் வரப்போகிறது என்ற முகத்தோடு புன்னகைத்தார். அவள் பார்வை அவரைத் தாண்டி உயரமான ஜன்னலுக்குப் போனது. வெளியே கருக்கல். அப்புறம் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்த தங்கையிடம் வந்தது.

இத்தனை நாள் பேசாதிருந்த முகம் அது. கோபம் போய்விட்டதா, இருக்கிறதா என்று சின்னக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. உலை வைக்கும்போது, தண்ணீர் போதுமா என்று எட்டிப் பார்க்கிற பார்வை அது.

பெரியக்கா தலைவரைப் பார்த்துக் கை கூப்பினாள். பட்டை தோளிலிருந்து வழுக்கியது. இழுத்து, சமைக்கும்போது துண்டைச் செருகுகிற மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டாள். மேடைப் படிகளில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கினாள்.

"அம்மா..." என்றார் அறிவிப்பாளர். மைக் அதை நாடு முழுக்கச் சொன்னது.

தலைவர் நின்றபடியே இருந்தார். அவர் நிற்கும்போது அமைச்சரும் உட்கார முடியாது. நாட்டு மூத்தவர் நடக்கும்போது யாருமே உட்கார முடியாது. அத்தனை பேரும் நின்றார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த சிவப்புக் கம்பளத்தில் பெரியக்கா நடந்தாள். சந்தையில் காய்கறி தீர்ந்துவிடுமோ என்கிற மாதிரி வேகம். தங்கையின் வரிசையைத் தாண்டும்போது நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. அதிகாரி பேச்சுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே முந்தி ஓடிப்போய்ப் பெரிய கதவைத் தள்ளித் திறந்து பிடித்தார்.

பெரியக்கா ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.